ஓடையின் மறுகரையில் விழுந்த புள்ளி

பழனி மலையிலுள்ள தாண்டிக்குடிக்குக் கீழே, சரிவில் எங்களுக்கு மூன்றரை ஏக்கர் காபித் தோட்டம் இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2023-இல் கொண்டுவந்த சட்டத்தின்படி, 2020 டிசம்பர் 31-க்குப் பிறகு காடழித்த நிலத்தில் விளைந்த காபியை அங்கே விற்க முடியாது. விளைந்த நிலத்தின் அட்சரேகை, தீர்க்கரேகையையும் காட்ட வேண்டும். நடைமுறைக்கு வரும் நாள் தள்ளிப்போனாலும், எங்கள் காபியை வாங்கும் ஏற்றுமதி நிறுவனம் விவரங்களை முன்னதாகவே கேட்டது. நான்கு ஹெக்டேருக்கு மேற்படாத நிலத்துக்கு ஒரே புள்ளி போதும் என்பதால், ஒரு காலைப்பொழுதில் வேலை முடிந்துவிடும் என்றுதான் நினைத்தேன்.

பலாமரத்தடியில் நின்று கைபேசியில் எடுத்த புள்ளி, வரைபடத்தில் ஓடையின் மறுகரையில், காப்புக்காட்டுக்குள் விழுந்தது. அடர்ந்த நிழலில் சமிக்ஞை தடுமாறுகிறது என்று புரிந்துகொண்டு, வெட்டவெளியான பாறைமேல் ஏறி மறுபடி எடுத்தேன். புள்ளி சரியானது, ஆனால் நிலமே 'காடு' என்று நிறுவனத்தின் சரிபார்ப்பில் வந்தது. சில்வர் ஓக், பலா, கல்யாண முருங்கை, ஆரஞ்சு என்று மரங்கள் கவிந்திருக்கும் தோட்டம், பத்து மீட்டர் நுணுக்கமுள்ள செயற்கைக்கோள் படத்தில் காடாகவே தெரிகிறது. பருவமழைக்கு முன் நிழல் மரங்களில் கிளை கழித்தால் அது காடழிப்பாகத் தெரிகிறது. மரநிழலில் பயிர் வளர்க்கும் வேளாண் காடுகள் காடல்ல என்று அந்தச் சட்டமே சொல்கிறது. ஆனால் மூன்றரை ஏக்கர்க்காரன் தனியாக அதை எடுத்துச் சொன்னால் யார் கேட்பார்கள்?

ஆகவே ஓடையை ஒட்டிய இருபத்து மூன்று குடும்பங்களும் சேர்ந்து, ஊற்றிலிருந்து பாலம் வரைக்குமான பள்ளத்தாக்கு முழுவதையும் ஒரே வரைபடமாக்க முடிவு செய்தோம். சிட்டாவையும் புலப்படத்தையும் கையில் வைத்துக்கொண்டு, எல்லைக்கல் எல்லைக்கல்லாக நடந்தோம். இரண்டு கற்களைப் புதருக்குள் தோண்டித்தான் கண்டுபிடித்தோம். கிளை கழித்த தேதிகளுக்கு ஒரு பொதுப் பதிவேடு வைத்தோம். வரைபடம் உருவானபோதுதான், காபிப் பழத்தின் தோலை உரிக்கும் நான்கு இயந்திரங்களின் கழிவுநீர், கீழேயுள்ளவர்கள் குடிநீர் எடுக்கும் இடத்துக்கு மேலே ஓடையில் கலப்பது எல்லோர் கண்ணிலும் பட்டது. யாரும் யாரையும் குறை சொல்லவில்லை. அடுத்த பறிப்புக்கு முன்பே கழிவுநீர்க் குழிகள் வெட்டப்பட்டன. எனக்கு இந்த வேலையிலேயே மிகப் பெரிதாகப்பட்டது அதுதான்.

நிறுவனம் எங்கள் கோப்பை ஏற்றுக்கொண்டது. இறந்துபோன தாத்தாவின் பெயரிலேயே கூட்டுப் பட்டா இருக்கும் இரண்டு குடும்பங்களின் காபி மட்டும் இந்தப் பருவத்தில் தனிச் சாக்குகளில் இருக்கிறது. அவர்களுடைய பட்டா மாறுதல் மனுக்களோடு அடுத்த வாரம் நாங்களும் வட்டாட்சியர் அலுவலகம் செல்கிறோம்.