அடுக்களையும் மலையும்

காலையில் குடும்பக் குரூப்பில் ஒரு ஃபார்வர்ட். இந்த மருந்தைக் குடித்தவருக்கு மூன்றே நாளில் காய்ச்சல் போய்விட்டதாம். கீழே வரிசையாகக் கும்பிடு எமோஜி.

ஒன்றுமே குடிக்காமல் மூன்று நாளில் எழுந்து உட்கார்ந்தவர்களை யாரும் கேட்கவில்லை.

மணிமேகலையின் 29ஆம் காதையில் பௌத்தத் துறவி அறவண அடிகள் தர்க்கப் பாடம் எடுக்கிறார். மலையில் நெருப்பு இருக்கிறது என்பது பக்கம், அதாவது நிறுவ வந்த கூற்று; புகை தெரிகிறதே என்பது ஏது, அதாவது காரணம்; அடுக்களையைப் பார் என்பது திட்டாந்தம், அதாவது எடுத்துக்காட்டு.

சரி, அத்தோடு விட்டாரா? நெருப்பு இல்லாத இடத்தில் புகையும் இல்லை என்று காட்ட எதிர்த் திட்டாந்தமும் வேண்டும், அப்புறம் மூன்றிலும் சரிபோலத் தோன்றும் தவறுகள், அதாவது போலிகள், என்னென்ன வரும் என்று அடுக்கிக்கொண்டே போகிறார் (நடுவில் கொட்டாவி வரும், மறுக்கவில்லை).

எனக்குப் பிடித்தது அநைகாந்திகம் என்ற ஏதுப் போலியில் ஒரு வகை. நிறுவ வந்த விஷயம் இருக்கும் இடத்திலும் இல்லாத இடத்திலும் ஒரேபோல் போய் உட்காரும் ஏது. மருந்து குடித்தாலும் காய்ச்சல் போகும், குடிக்காவிட்டாலும் போகும் என்றால், காய்ச்சல் போனது எதற்குச் சாட்சி?