ஞாயிற்றுக்கிழமை வயிற்றுவலி

அக்கா மகளுக்கு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆனால் வயிறு வலிக்கும். முதலில் கண்ணேறு என்றோம், அப்புறம் கடை மீ (நூடுல்ஸ்) சேரவில்லை என்றோம், முனீஸ்வரர் கோயிலில் கறுப்புக் கயிறுகூட கட்டியாயிற்று. மலேசியாவில் சுங்கை சிப்புட்டுப் பக்கம் எங்கள் தோட்டத்தில் இதுதான் வரிசை, கோயில் முடிந்தால்தான் கிளினிக்.

அவள் அப்பா விடியுமுன் செம்பனை வெட்டப் போய்விடுவார், அக்கா பேக்டரி பஸ்ஸுக்கு ஓடுவாள், அதனால் பிள்ளையை வேன் ஏற்றுவது என் வேலை. ஒரு திங்கட்கிழமை நீலப் பினாஃபோரோடு வாசற்படியில் உட்கார்ந்திருக்கிறாள், ஒரு காலில் காலணி, இன்னொன்று மடியில். வேன்காரர் ஹாரன் அடிக்கிறார். "வலிக்குது சித்தி" என்றாள், கண்ணீர்கூட இல்லை. நான் "நடிக்காதே" என்று அதட்டி ஏற்றிவிட்டேன். இன்றைக்கும் அது உறுத்துகிறது.

அரசாங்கக் கிளினிக்கில், ஒரு ரிங்கிட் கட்டி மூன்றாவது தடவை போனபோது, டாக்டரம்மா கேட்டார்: "ஸ்கூல் லீவில் வலிக்குமா?" யோசித்தால் லீவு முழுக்க ஒரு நாள்கூட வலித்ததில்லை. அதற்காக வலி பொய் இல்லை என்றார், குடலுக்கும் மூளைக்கும் நரம்புத் தொடர்பு உண்டு, பயந்தால் வயிறு நிஜமாகவே பிசையுமாம். நாமே வயிற்றில் புளியைக் கரைக்குது என்கிறோமே, பிள்ளை சொன்னால் மட்டும் நடிப்பா?

விஷயம் புகுமுக வகுப்பில் இருந்தது. தமிழ்ப்பள்ளியில் ஆறு வருஷம் கையைத் தூக்கித் தூக்கிப் பதில் சொன்ன பிள்ளை, மலாய் போதவில்லை என்று இடைநிலைப்பள்ளியில் அந்த வகுப்பில் போய் உட்கார்ந்தது, வாய் திறந்தால் சில பையன்கள் அவள் உச்சரிப்பைச் சொல்லிக் காட்டிச் சிரித்தார்கள், அவள் பேசுவதையே நிறுத்திவிட்டாள். வகுப்பாசிரியரிடம் கேட்டால் "ரொம்ப அமைதியான பிள்ளை" என்று பாராட்டினார்!

சுகாதார அமைச்சு 2022இல் 13 முதல் 17 வயது மாணவர்களிடம் எடுத்த ஆய்வில் 26.9 விழுக்காட்டினருக்கு மனச்சோர்வு அறிகுறி இருந்தது, 2017இல் அது 18.3. நான்கில் ஒரு பிள்ளை என்றால் எங்கள் வேனிலேயே மூன்று பேர் இருக்க வேண்டும். யார் யார் என்று எனக்குத் தெரியவில்லை.

இப்போது மாதம் ஒருமுறை பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகிறோம். பாட்டிக்கு மட்டும் "பைத்தியக்கார டாக்டரா?" என்று கோபம், கயிற்றை அவிழ்க்கவும் விடவில்லை. சரி, கயிறும் இருக்கட்டும்.

அடுத்தது அவள் தம்பிக்காரன். அவனுக்கு வயிறெல்லாம் வலிக்காது, வகுப்பில் ஐந்து நிமிஷம் உட்காரமாட்டான், மேசையைத் தட்டித் தட்டிப் பிரம்படி வாங்கி வருகிறான். அக்கா "பையன்னா அப்படித்தான்" என்கிறாள். வியாழக்கிழமை இரண்டு பேரையும் சேர்த்தே கூட்டிப் போகிறேன் என்று சொல்லிவிட்டேன், இன்னும் பதில் வரவில்லை.