வீடு கோசோங் ஆகும் வரை

என் வேலை ஸ்டோர் கணக்கு. மலேசியாவில், ஷா ஆலாமில் ஒரு தொழிற்சாலையில் 18 வருஷமாக நட்டும் போல்ட்டும் பேரிங்கும் எண்ணிக்கொண்டிருக்கிறேன். எது வந்தது, எது போனது, எது மூலையில் கிடக்கிறது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். அப்படிப்பட்டவள், சொந்தமாக வீடு வாங்கும்போது லிஸ்டையே தலைகீழாகப் போட்டேன். வீட்டில் என்னென்ன இருக்க வேண்டும் என்று எழுதினேனே தவிர, என்னென்ன இருக்கக் கூடாது என்று ஒரு வரி எழுதவில்லை.

கோலாலம்பூரில் செந்தூலுக்கும் ஜாலான் ஈப்போவுக்கும் நடுவில் ஒரு பழைய தாமான், குடியிருப்புப் பகுதி. மாடியில்லாத டெரஸ் வீடு, மூலை வீடு என்பதால் பக்கவாட்டில் கொஞ்சம் இடம். விற்றவர் ஒரு சீன அங்கிள், வயது எழுபதைத் தாண்டியவர். மனைவி தவறிப்போனார், மகன் ஜொகூர் பாருவுக்குக் கூப்பிட்டுக்கொண்டான். முதல் தடவை பார்க்கப் போனபோது ஏஜெண்ட் பெண் ஒவ்வொரு கதவாகத் திறந்து காட்டினாள். சுவரோடு அடித்த அலமாரி மூன்று, ஏர்கான் இரண்டு, கூரையில் சோலார் ஹீட்டர், முன்வாசலில் செயற்கை நீர்வீழ்ச்சியோடு சிமெண்ட் மீன் தொட்டி. "எல்லாமே வீட்டோடு வருது, நீங்க பெட்டியைத் தூக்கிட்டு வந்தா போதும்." என் கணவருக்குத் தொட்டியில் நீந்திய சிவப்பு மீன்களைப் பார்த்ததும் மனசு விழுந்துவிட்டது. மாமியார் மட்டும் ஒன்றும் பேசவில்லை. பக்கவாட்டுச் சுவர் ஓரமாக இடுப்பு உயரத்துக்கு இருந்த சிவப்புச் சின்ன வீட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். மண்ணைக் காக்கிற டத்தோ கோங் தெய்வத்தின் கோயில்.

புக்கிங்குக்கு 3 விழுக்காடு, ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும்போது 7, மீதி 90 பேங்க் கடனாக மூன்று மாதத்தில். நம் ஊரில் பழைய வீடு வாங்கிய எல்லாருக்கும் தெரிந்த கதை. அதற்குள் ஆளாளுக்குப் பயமுறுத்தினார்கள். போகும்போது பல்பைக்கூடக் கழற்றிக்கொண்டு போவார்கள், கிரில்லைக்கூட விற்றுவிடுவார்கள் என்று. அதனால் ஒப்பந்தத்தின் இணைப்பில் ஏர்கான் 2, ஹீட்டர் 1, அலமாரி 3, கிரில் கதவு 2 என்று நம்பர் போட்டு எழுத வைத்தேன். லோயர் பெண்ணே சிரித்தாள். இருப்பது இருக்கிறபடியே வாங்குகிறேன் என்ற வழக்கமான வரியும் அதற்கு மேலேயே இருந்தது. அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

பேங்க் பணம் விடுவதற்கு ஒரு வாரம் இருக்கும்போது லோயர் போன் பண்ணினாள். "அக்கா, பணம் போறதுக்கு முன்னாடி ஒரு தடவை போய்ப் பார்த்துட்டு வந்துடுங்க. போனதுக்கப்புறம் கெஞ்சணும்." இந்த ஒரு போன் மட்டும் வராமல் இருந்திருந்தால் இதை வேறு மாதிரி எழுதிக்கொண்டிருப்பேன்.

போனோம். அங்கிள் ஏற்கெனவே ஜொகூர் போய்விட்டார். மீன்களும் போய்விட்டன, தொட்டி நிறையப் பச்சைத் தண்ணீர் நின்றது. குனிந்து பார்த்தால் கொசுப்புழு நெளிகிறது. சுகாதார இலாகாக்காரர் வந்து பார்த்தால் 500 வெள்ளி (ரிங்கிட்) வரைக்கும் கம்பவுண்ட் அபராதம் எழுதலாம், அதுவும் வீடு யார் கையில் இருக்கிறதோ அவர் பேருக்கு. நடு அறை அலமாரிக் கதவைத் திறந்ததும் கீழ்ப்பலகை கையோடு வந்தது. உள்ளே கரையான் மண் கோடு கோடாக ஏறியிருந்தது. ஹீட்டர் குழாயில் சுடுதண்ணீர் வரவில்லை, அதற்குப் பதிலாக மேலே சீலிங்கில் தட்டு அளவுக்குப் பழுப்புக் கறை. ஒரு ஏர்கான் ஓடவேயில்லை. இவை போக மெத்தை மூன்று, சாய்வு நாற்காலி, பேப்பர் கட்டுகள், சமையலறையில் இன்னும் கழுவாத குவாலிச் சட்டி, ஒரு பெட்டி நிறைய யாரோ பிள்ளையின் பள்ளிப் பரிசுக் கோப்பைகள்.

நான் நம்பர் போட்டு எழுதி வாங்கிய அத்தனையும் ஒன்று குறையாமல் இருந்தன. ஒப்பந்தப்படி குறையே சொல்ல முடியாது.

லோயரிடம் போட்டோ எல்லாம் அனுப்பினேன். அவள் சொன்னதை எனக்குப் புரிந்த மாதிரி சொல்கிறேன். நம் தேசிய நிலச் சட்டத்தில் 5-ஆம் பிரிவு 'நிலம்' என்றால் என்ன என்று சொல்கிறது. மண்ணோடு ஒட்டியது, மண்ணோடு ஒட்டிய கட்டடத்தில் நிரந்தரமாகப் பொருத்தியது எல்லாமே அதில் அடக்கம். ஆகவே சுவரில் அடித்த அலமாரி, கூரை ஹீட்டர், சிமெண்ட் தொட்டி எல்லாம் நிலத்தோடு சேர்ந்து என்னுடையது. வேண்டாம் என்றால் முன்கூட்டியே 'விற்பவர் தன் செலவில் அகற்ற வேண்டும்' என்று எழுதியிருக்க வேண்டும். மெத்தையும் நாற்காலியும் கோப்பைகளும் அப்படி இல்லை. அவை இன்னும் அங்கிளுடையவை. ஒப்பந்தத்தில் அவர் தருவதாகச் சொன்னது 'மிலிக்கான் கோசோங்', காலி வீடு. ஆளும் இருக்கக் கூடாது, ஆளின் சாமானும் இருக்கக் கூடாது.

"அதுக்காக நீங்களே தூக்கி வெளியில போட்டுடாதீங்கக்கா. நாளைக்கு அதுல ஏதோ இருந்துச்சுன்னு கேட்டா யார் பதில் சொல்றது? எழுதிக் கேட்போம், நாள் குறிப்போம்."

எனக்கு அன்றைக்கே லோரி கூப்பிட்டு எல்லாவற்றையும் வாரிப் போட்டுவிடும் வேகம் இருந்தது. பொறுத்துக்கொண்டேன்.

இரண்டு பக்க லோயர்களும் பேசி முடித்தது இது: விற்ற பணத்தில் 3,000 வெள்ளி அவர் லோயரிடமே நிற்கும். 14 நாளைக்குள் நகரும் சாமான் எல்லாம் போக வேண்டும், போனதும் பணம் அங்கிளுக்கு. போகவில்லை என்றால் அந்தப் பணத்தில் நான் ஆள் வைத்து அப்புறப்படுத்தலாம். ஒட்டியிருப்பது எல்லாம் என் தலையில். சிவப்பு வீடு எந்தக் கணக்கு? அது சிமெண்ட் மேடையில் நிற்கிறது, ஆனால் உள்ளே இருக்கும் சிலை நகரும். லோயர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அதையும் லிஸ்ட்ல போட்டுக்கலாம்" என்றாள்.

சாவி கைக்கு வந்த மறுநாளே தொட்டித் தண்ணீரை இறைத்தோம். இறைத்த பிறகும் அடியில் தேங்கியதற்கு ஒரு பொட்டலம் அபேட் கொசுப்புழு மருந்து போட்டேன். பிறகு செந்தூல் பாசார் பக்கம் இருக்கும் கான்ட்ரெக்டர் அண்ணனைக் கூட்டிவந்தோம்.

அலமாரியை எடுப்பது சுலபம் என்றுதான் நினைத்தேன், திருகாணி கழற்றினால் ஆச்சு என்று. எடுத்ததும் தெரிந்தது, அலமாரிக்குக் கீழே டைலே இல்லை. அடித்தவர்கள் அலமாரி நின்ற இடத்தை விட்டுவிட்டு மிச்சத்துக்குத்தான் டைல் ஒட்டியிருக்கிறார்கள். பின்சுவரில் பெயிண்டும் இல்லை, வெறும் பூச்சு. அந்த டைல் இப்போது எங்கேயும் கிடைக்காது. கொஞ்சம் பொருந்துகிற நிறத்தில் பட்டையாக ஒட்டி, அதற்கு மேலேயே கட்டிலைப் போட்டுவிட்டோம். யாராவது பழைய வீட்டில் அலமாரியைக் கழற்றப் போகிறீர்கள் என்றால், முதலில் அடிப்பலகையை ஓர் ஓரத்தில் தூக்கி டார்ச் அடித்துப் பாருங்கள். தெரிந்திருந்தால் கரையான் இல்லாத இரண்டையும் நான் தொட்டிருக்க மாட்டேன்.

ஹீட்டரைத்தான் அண்ணன் மிகவும் யோசித்தார். "300 லிட்டர் டேங்க், தங்கச்சி. தண்ணி மட்டுமே 300 கிலோ. அப்படியே அசைச்சா ஓட்டோட கீழ வந்துடும்." முதலில் டிபி என்கிற கரண்ட் சுவிட்ச் பெட்டியில் ஹீட்டர் சுவிட்சை அணைத்தார். வெயில் இல்லாத நாளுக்கென்று உள்ளே கரண்ட் கம்பியும் இருக்குமாம், நிறைய பேர் அதை மறந்துவிடுவார்களாம். பிறகு வால்வை மூடி, ஓஸ் மாட்டி, சாக்கடையில் வடிய விட்டார். வடியவே ரொம்ப நேரம் பிடித்தது. நானும் கணவரும் கீழே நின்று டீ குடித்து, சாப்பிட்டு, மறுபடி டீ குடித்தோம். இறக்கும்போது 11 ஓடு உடைந்தது. ஆனால் டேங்க்கையும் செம்புக் குழாயையும் பழைய பேப்பர் லோரிக்காரர் ஆசையாக வாங்கிக்கொண்டு 220 வெள்ளி கொடுத்தார். ஓடாத ஏர்கானைக் கடைக்காரர் தொடும்போதே முகம் சுளித்தார். ஓடுகிற ஏர்கான் என்றால் கேஸை வெளி யூனிட்டுக்குள் இழுத்து அடைத்துவிட்டுக் கழற்றலாம், இதில் அது முடியாது, மெஷின் வைத்துத்தான் உறிஞ்ச வேண்டும் என்று தனியாக 100 வெள்ளி கேட்டார். கொடுத்தேன்.

குப்பை விஷயத்தில் ஒன்று சொல்ல வேண்டும். கோலாலம்பூரில் வாரத்துக்கு இரண்டு நாள் வீட்டுக் குப்பை, ஒரு நாள் மறுசுழற்சிப் பொருளும் பெரிய சாமானும் எடுக்கிறார்கள். உடைத்த கல், சிமெண்ட், டைலை அதில் வைத்தால் எடுக்க மாட்டார்கள். அதற்கு லோரியில் கொண்டுவந்து வைக்கிற பெரிய ரோரோ குப்பைத் தொட்டிதான். எனக்கு ஒரு தொட்டி 480 வெள்ளி. பாதி விலைக்கு ஒருவர் வந்தார். எங்கே கொட்டுவீர்கள் என்று கேட்டேன், சிரித்தார். வேண்டாம் என்று அனுப்பிவிட்டேன்.

மீன் தொட்டிக்கு அண்ணன் நல்ல யோசனை சொன்னார். முழுவதும் பெயர்க்காமல் மேல் விளிம்பை மட்டும் இடித்து, அடியில் நாலைந்து ஓட்டை போட்டு, உடைத்த கல்லையே உள்ளே கொட்டி மணல் நிரப்பிவிடலாம். ஓட்டை போடாமல் நிரப்பினால் மழைத் தண்ணீர் உள்ளேயே நின்று தரை வெடிக்கும். இதனால் இரண்டாவது ரோரோ தேவைப்படவில்லை.

எல்லாம் உடைத்தார். சிவப்பு வீட்டுப் பக்கம் மட்டும் போகவில்லை. "மத்ததெல்லாம் சொல்லு தங்கச்சி, அதை மட்டும் சொல்லாதே." அவருடைய இந்தோனேசிய ஆளும் தலையை ஆட்டிவிட்டு அந்தப் பக்கம் ஏணிகூடச் சாய்க்கவில்லை. டத்தோ என்பவர் அந்த மண்ணைக் காக்கிற மலாய்க்காரக் காவல் தெய்வம், கும்பிடுகிறவர்கள் சீனர்கள், பன்றி இறைச்சி படைக்க மாட்டார்கள், வெற்றிலையும் ரோக்கோக் டாவுன் என்ற இலைச் சிகரெட்டும் சாம்பிராணியும்தான். மாமியார் ஒரே வரியில் முடித்தார். "நம்ம முனியாண்டிக்குச் சுருட்டு, அவருக்கு ரோக்கோக். வேற என்ன?" அந்த இரண்டு வாரமும் வெள்ளிக்கிழமை சாயங்காலம் அங்கே ஊதுவத்தி வாசனை வந்தது. நான் கேட்கவில்லை.

பன்னிரண்டாம் நாள் அங்கிள் வந்தார். ஜொகூரிலிருந்து இரவு பஸ் ஏறி, விடியற்காலையில் டிபிஎஸ் பஸ் நிலையத்தில் இறங்கி, மருமகன் ஒருவனையும் கோயில்காரக் கிழவர் ஒருவரையும் கூட்டிக்கொண்டு. சாமானை லோரியில் ஏற்ற மருமகனுக்கு ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. பரிசுக் கோப்பைப் பெட்டியை மட்டும் அங்கிள் தன் மடியில் வைத்துக்கொண்டார். மகனுடையவையாம். நான் மட்டும் அன்றைக்கு லோரி கூப்பிட்டிருந்தால் என்று நினைத்துக்கொண்டேன்.

கிழவர் மூன்று ஊதுவத்தி ஏற்றி, அரைநிலா மாதிரி இருந்த இரண்டு மரத்துண்டுகளைத் தரையில் போட்டார். ஒன்று தட்டையாகவும் ஒன்று குவிந்தும் விழுந்தால் சம்மதம். முதல் தடவை இரண்டும் குவிந்து விழுந்தன. அடுத்த தடவை இரண்டும் தட்டையாக. "கெத்தாவா" என்று அங்கிள் எனக்கு விளக்கினார், சிரிக்கிறாராம். மூன்றாவது தடவை சரியாக விழுந்தது. சிலையைச் சிவப்புத் துணியில் சுற்றி, குழந்தையைத் தூக்குவது போல மருமகன் கையில் கொடுத்தார்கள். மாமியார் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு கையெடுத்துக் கும்பிட்டார்.

அங்கிள் சிவப்புக் கூரையை இரண்டு தட்டுத் தட்டிவிட்டு என்னைப் பார்த்தார். "கோசோங் சுடா. போலே பெச்சா." காலியாகிவிட்டது, இனி உடைக்கலாம்.

லோரி திரும்பியதும் லோயருக்கு வாட்ஸ்அப் அனுப்பினேன். வீடு கோசோங், 3,000-ஐ அவருக்கு விட்டுவிடுங்கள் என்று.