பாட்டு ரெண்டு நிமிஷம், நடுவில் அரை நிமிஷம்: பங்க் பேண்டில் ஷோ வாசித்த அனுபவம்

பங்க் ராக் வாசிக்க மூன்று கார்டு (சில சுரங்களைச் சேர்த்து ஒலிக்க வைப்பது) தெரிந்தால் போதும் என்பார்கள். பயிற்சி அறைக்குள் அந்தக் கணக்கு செல்லும். மேடை ஏறியதும் வேறொரு கணக்கு ஆரம்பிக்கிறது. நான் கிட்டார், கூடவே பின்குரல். பாடுகிறவள், பேஸ், டிரம்ஸ் என்று மொத்தம் நாலு பேர். எல்லோருக்கும் வேலை உண்டு, வார இறுதியில்தான் வாசிப்பு. பெரும்பாலும் மூன்று நாலு பேண்டுகள் சேர்ந்து நடத்தும் சின்ன ஷோக்கள்; அதில் நாங்கள் முதலாவதாகவோ இரண்டாவதாகவோ ஏறுவோம். இதுவரை எது தேறியது, எது இன்னும் இழுத்துக்கொண்டிருக்கிறது என்று எழுதி வைக்கலாம் என்று தோன்றியது.

வேகம்

ஆரம்பத்தில் வாசித்த ஷோக்களை ஃபோனில் பதிவு செய்திருந்தோம். பயிற்சியில் நிமிடத்துக்கு 180 பீட்டில் ஓடும் பாட்டு மேடையில் 200-ஐத் தொட்டிருந்தது. அங்கே நிற்கும்போது இது தெரியவே தெரியாது. இன்னும் சொல்லப்போனால், கொஞ்சம் மந்தமாகப் போகிறதோ என்றுகூடத் தோன்றும். உடம்பில் அட்ரினலின் ஏறிவிட்டால் எந்த வேகமும் சாதாரண வேகம்தான்.

பீட்டுக்கு இரண்டு அடி வீதம், எல்லாமே மேலிருந்து கீழே அடிக்கும் டவுன்ஸ்ட்ரோக். ராமோன்ஸ் என்ற நியூயார்க் பங்க் பேண்டின் கிட்டாரிஸ்ட் ஜானி ராமோன் பிரபலமாக்கிய பாணி இது. 180-ல் விநாடிக்கு 6 அடி. 200-ல் கிட்டத்தட்ட ஏழு. காகிதத்தில் ஒரு அடிகூட முழுசாகக் கூடவில்லை, ஆனால் நாலாவது பாட்டுக்குள் முன்கை இறுகிப்போய், கம்பியை மீட்டும் பிக் விரலில் நிற்காது. பாடுகிறவள் பாடு இன்னும் மோசம். வரிக்கு நடுவே மூச்சு எடுக்க வைத்திருந்த இடம் காணாமல் போயிருக்கும்.

இதற்கு இரண்டு விஷயம் உதவின. பாட்டைத் தொடங்க ‘ஒன் டூ த்ரீ ஃபோர்’ எண்ணும் டிரம்மர் இப்போது இன்ட்ரோவை, அதாவது பாட்டின் தொடக்க இசையை, நினைத்து எண்ணுவதில்லை. “டேய், கோரஸை மனசுக்குள்ள ஒரு தடவை பாடிட்டு அப்புறம் எண்ணுடா” என்று பாடுகிறவள் ஒருநாள் எரிச்சலில் சொன்னாள், அது வேலை செய்துவிட்டது. திரும்பத் திரும்ப வரும் கிட்டார் துண்டான ரிஃபை எந்த வேகத்திலும் கற்பனை செய்யலாம். வார்த்தைகளை வாய்க்குள் உருட்டிப் பார்த்தால் எங்கே நாக்கு குழறும் என்று உடனே தெரிந்துவிடும். இன்னொன்று, சத்தம் போடாமல் விளக்கு மட்டும் மினுக்கித் தாள வேகத்தைக் காட்டும் சின்ன மெட்ரோனோம். டிரம்மரின் ஹை-ஹாட் சிம்பல் பக்கத்தில் ஒட்டியிருக்கிறது. பாட்டைத் தொடங்கும்போது மட்டும் ஒரு பார்வை, பிறகு அதை மறந்துவிட வேண்டும். முழுக்க அதைப் பார்த்துக்கொண்டே வாசித்தால் பங்க் மாதிரியே இருக்காது.

நான் கிட்டார் வாரை இரண்டு துளை மேலே ஏற்றிக்கொண்டேன். தொடை வரை தொங்கினால்தான் அழகு, ஒத்துக்கொள்கிறேன். புகைப்படத்துக்கு நல்லது, மணிக்கட்டுக்கு ஆகாது.

நடுவில் இருக்கும் அரை நிமிடம்

இதுதான் எங்களை அதிகம் படுத்திய விஷயம். இத்தனைக்கும் பயிற்சி அறையில் இது ஒரு பிரச்சினையாகவே தெரியாது.

எங்களுக்கு வழக்கமாகக் கிடைப்பது 25 நிமிடம். ஒவ்வொரு பாட்டும் ஒன்றே முக்கால் நிமிடம், 12 பாட்டு, ஆக 21 நிமிடம். நேரம் மிச்சம் இருக்கிற மாதிரிதான் தெரியும். ஒரு பாட்டு முடிந்து அடுத்ததைத் தொடங்க அரை நிமிடம் ஆகிறது என்று வையுங்கள். 11 இடைவெளிக்கு ஐந்தரை நிமிடம். 25 தாண்டிவிட்டது. ஒலியைக் கட்டுப்படுத்தும் மிக்சரில் இருப்பவர் ஒற்றை விரலைக் காட்டுவார், இன்னும் ஒன்றுதான் என்று. அடிபடுவது செட்டின் கடைசிப் பாட்டு. எல்லா பேண்டும் கடைசியில் வைப்பது கையில் இருப்பதிலேயே நல்ல பாட்டைத்தான்.

நேரம் போவதைவிட அந்த அரை நிமிடத்தில் நடப்பதுதான் கொடுமை. ஒரு பதிவை ஹெட்ஃபோனில் பொறுமையாகக் கேட்டேன். கடைசிக் கார்டு தேய்ந்து அடங்குகிறது. நாலைந்து பேர் கை தட்டுகிறார்கள். சுருதி சரிபார்க்க நான் ட்யூனர் பெடலை மிதிக்கும் ‘டக்’. பேஸ்காரன் “அடுத்தது எது?” என்கிறான், அது பாட்டின் வரிகளைவிடத் தெளிவாக மைக்கில் விழுகிறது. பாடுகிறவள் “தாங்க்ஸ்” என்கிறாள். கொஞ்சம் பொறுத்து, வேறு எதுவும் தோன்றாமல், இன்னொரு “தாங்க்ஸ்”. காரணமே இல்லாமல் ஸ்னேர் டிரம்மில் ஒரு தட்டு. கூட்டத்தில் யாரோ யாரிடமோ வண்டிச் சாவியைக் கேட்கிறார்கள். இரண்டு நிமிடம் தொண்டை கிழியக் கத்திச் சேர்த்த சூடு அதற்குள் ஆறிவிட்டது.

ராமோன்ஸ் 1974-ல் நியூயார்க்கின் சிபிஜிபி கிளப்பில் வாசித்த வீடியோ பதிவு ஒன்று உண்டு. அடுத்து எதை வாசிப்பது என்று பாட்டுக்கு நடுவே மேடையிலேயே வாக்குவாதம் செய்கிறார்கள். அதே பேண்ட் 1977 டிசம்பர் 31 அன்று லண்டன் ரெயின்போ தியேட்டரில் வாசித்தது ஆல்பமாக வந்தபோது, 28 பாட்டு ஒரு மணி நேரத்துக்குள் அடங்கிவிட்டது. ஒரு பாட்டின் வால் ஓய்வதற்குள் பேஸ் வாசித்த டீ டீ ராமோனின் ‘ஒன் டூ த்ரீ ஃபோர்’ வந்துவிடும். மூன்று வருடத்தில் புதிதாகக் கார்டு எதுவும் கற்றுக்கொண்டதாகத் தெரியவில்லை. நடுவில் இருந்த சண்டையை எடுத்துவிட்டார்கள், அவ்வளவுதான்.

நாங்களும் 12 பாட்டை மூன்று மூன்றாகக் கொத்துக் கட்டினோம். நாலு கொத்து, நடுவில் மூன்றே இடைவெளி. கொத்துக்குள் கடைசிக் கார்டு ஒலித்துக்கொண்டிருக்கும்போதே டிரம்மர் குச்சிகளைத் தட்டி எண்ண ஆரம்பித்துவிடுவான். ஆறாம் கம்பியை இறக்கி வாசிக்கும் டிராப் டி பாட்டுகள் எல்லாம் ஒரே கொத்தில். நான் ட்யூன் செய்யும் நேரத்தில் பேஸ் ஒரு நோட்டைப் பிடித்து நிறுத்தியிருக்கும். செட்லிஸ்டில் பாட்டுப் பெயருக்குப் பக்கத்தில் அதை யார் தொடங்குகிறார் என்றும் தடித்த மார்க்கரில் எழுதி ஆளுக்கொரு காகிதம் ஒட்டிக்கொள்கிறோம். மேடையின் சிவப்பு விளக்கில் சிவப்பு மை தெரியாது, கறுப்பில்தான் எழுத வேண்டும். பாடுகிறவள் பேசுவது இரண்டே இடத்தில். என்ன பேசப்போகிறாள் என்பது எங்களுக்கும் உத்தேசமாகத் தெரியும்.

பயிற்சி நேரத்திலும் ஒரு மாற்றம் செய்தோம். தனித்தனிப் பாட்டாக வாசிப்பதைக் குறைத்து, ஒரு பாட்டின் கடைசி எட்டு பாரும் (தாளத்தின் ஒரு சுற்று ஒரு பார்) அடுத்த பாட்டின் முதல் எட்டு பாரும் சேரும் இடத்தை மட்டும் திரும்பத் திரும்ப வாசித்தோம். படு சலிப்பான வேலை.

கம்பி

கனமாக டவுன்ஸ்ட்ரோக் அடித்தால் கம்பி அறுவது சகஜம். மெல்லிய இரண்டு கம்பிகளில் ஒன்று போனால் கூட்டத்தில் யாருக்கும் தெரியாது, தடித்த இரண்டு மூன்று கம்பிகளில் மட்டும் வாசிக்கும் பவர் கார்டுக்கு அவை தேவையே இல்லை. ஐந்தாம் கம்பி போனால்தான் வம்பு. எனக்கு ஒரு ஷோவில் அதுதான் போனது, இரண்டாம் பாட்டின் நடுவில். கையில் இருந்தது டிரெமலோ பிரிட்ஜ், அதாவது கம்பிகளைத் தாங்கும் அசையக்கூடிய பாலம், வைத்த கிட்டார். பின்னால் ஸ்பிரிங்குகளும் முன்னால் கம்பிகளும் எதிரெதிரே இழுத்துக்கொண்டு நிற்கும் அமைப்பு அது. ஒரு கம்பி அறுந்தால் ஸ்பிரிங் பக்கம் வலுத்து பிரிட்ஜ் பின்னால் சாய்கிறது, மீதி ஐந்தும் சுருதி ஏறிவிடுகின்றன. எங்கே விரலை வைத்தாலும் அபஸ்வரம்.

அடுத்த பேண்டின் கிட்டாரிஸ்ட் ஒரு வார்த்தை பேசாமல் தன் கிட்டாரை மேடை ஓரத்தில் நீட்டினார். மேடை ஏறி வாசித்ததில் எனக்குக் கிடைத்த நல்ல விஷயங்களில் இதை முதலில் சொல்வேன். இந்த வட்டத்தில் பெரிய ஆம்பும் டிரம் செட்டும் பொதுவில் இருக்கும்; ஸ்னேர், சிம்பல், கிக் பெடல் மட்டும் அவரவர் கொண்டுவருவது வழக்கம். கிட்டாரைக் கடன் கொடுப்பது அந்த வழக்கத்தில் சேராது. அவர் கொடுத்தார்.

இப்போது பிரிட்ஜ் அசையாத கிட்டார் ஒன்றை வைத்துக்கொண்டிருக்கிறேன். கம்பி உட்காரும் சேடிலில் கூராக ஏதும் துருத்திக்கொண்டிருந்தால் மெல்லிய உப்புத்தாளால் தேய்த்துவிட்டேன், அதற்குப் பிறகு அறுவது வெகுவாகக் குறைந்தது. இன்னொரு ஏற்பாடும் உண்டு. எது உடைந்தாலும் பேஸும் டிரம்ஸும் சேர்ந்து சுற்ற நாலு பார் துண்டு ஒன்று தயாராக இருக்கிறது. அது ஓடுகிற வரை கூட்டம் கலையாது. செய்து பார்த்ததிலேயே அதிகம் பலன் தந்தது இந்தத் துண்டுதான், அதற்குப் பெயர்கூட வைக்கவில்லை.

சத்தம்

சவுண்ட் செக் பெரும்பாலும் தலைகீழ் வரிசையில் நடக்கும். கடைசியில் வாசிக்கும் பெரிய பேண்ட் முதலில் செக் செய்யும், முதலில் வாசிக்கும் பேண்ட் கடைசியில். அதனால் மேடையில் இருப்பதை மறுபடி கழற்ற வேண்டியதில்லை. நியாயமான ஏற்பாடுதான். முன்னால் எங்கே தாமதமானாலும் அது எங்கள் தலையில் வந்து விடியும், அதுதான் சிக்கல். கதவு திறந்து ஆட்கள் உள்ளே வர வர, ஒவ்வொரு மைக்கிலும் சத்தம் வருகிறதா என்று மட்டும் பார்த்துவிட்டுத் தொடங்கிவிட வேண்டும்.

அந்த நேரத்தில் நாலு பேரும் நாலு பக்கமிருந்து “எனக்கு மானிட்டர்ல இதை ஏத்துங்க” என்று கேட்டால் ஒன்றும் நடக்காது. இப்போது ஒரே ஒரு வேண்டுகோள்தான்: மானிட்டரில், அதாவது மேடையில் எங்களைப் பார்த்து இருக்கும் ஸ்பீக்கரில், பாட்டுக் குரல் மட்டும் போதும். மற்றதெல்லாம் மேடையிலேயே கேட்கும். கேட்க வைக்க ஆம்பைச் சாய்த்து வைத்தால் போதும். ஸ்பீக்கர் முழங்காலைப் பார்த்துக் கத்தினால் வாசிப்பவர் காதுக்கு எட்டாது, அவர் சத்தத்தை ஏற்றுவார், முன்வரிசைக்காரர் காது கிழியும், குரல் அதில் மூழ்கிவிடும். முகத்தைப் பார்த்துச் சாய்த்ததும் நானாகவே சத்தத்தைக் குறைத்துக்கொண்டேன்.

மைக் கூவும் பிரச்சினைக்குக் காரணம் வேறு. பாடுகிறவள் உணர்ச்சி வேகத்தில் மைக்கின் தலையைக் கைக்குள் பொத்திப் பிடிப்பாள். இந்த மைக்குகள் முன்னால் வருவதை வாங்கிக்கொண்டு பின்னால் வருவதைத் தள்ளும்படி செய்யப்பட்டவை. பின்பக்கத் துவாரங்களைக் கை மூடிவிட்டால் அந்தத் தன்மை போய்விடும், எதிரே இருக்கும் மானிட்டர் சத்தமும் உள்ளே புகுந்து ஊளையிட ஆரம்பிக்கும். தெரிந்தும் பொத்துகிறாள். பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது.

காதுக்கு எல்லோரும் அடைப்பான் போடுகிறோம். அமெரிக்காவில் பணியிடப் பாதுகாப்பை ஆராயும் நியாஷ் (NIOSH) அமைப்பு பரிந்துரைக்கும் அளவு 85 டெசிபலுக்கு எட்டு மணி நேரம். ஒவ்வொரு 3 டெசிபல் ஏறும்போதும் நேரம் பாதியாகும். 100 டெசிபலில் 15 நிமிடம். எங்கள் செட்டே அதைவிட நீளம்.

ஆள் இல்லாத ஷோ, ஆள் நிறைந்த ஷோ

1976 ஜூன் 4 அன்று மான்செஸ்டரில் செக்ஸ் பிஸ்டல்ஸ் என்ற லண்டன் பங்க் பேண்ட் வாசித்தபோது வந்த கூட்டம் கொஞ்சம்தான். அந்தக் கொஞ்சம் பேரில் பின்னால் ஜாய் டிவிஷன் என்ற புகழ்பெற்ற பேண்டைத் தொடங்கிய பீட்டர் ஹூக்கும் பெர்னார்ட் சம்னரும் இருந்தார்கள். ஆளில்லாத ஷோ வாசித்துவிட்டு இறங்கும் எந்த பேண்டிடமும் யாராவது இந்தக் கதையைச் சொல்வார்கள். எங்களிடமும் சொன்னார்கள். அன்று எங்கள் எதிரே நின்றவர்களில் பாதிப் பேர் அடுத்து வாசிக்க வேண்டியவர்கள், ஒருவர் வாசலில் நுழைவுச்சீட்டு பார்ப்பவர்.

காலி அறைக்கு இன்னொரு தண்டனையும் உண்டு. மனித உடம்பும் துணியும் கீச்சென்ற சத்தத்தை உறிஞ்சிக்கொள்ளும். ஆளில்லை என்றால் சிம்பல் சத்தம் சுவருக்குச் சுவர் அலையும், வாசிப்பு இருப்பதைவிட மோசமாகக் கேட்கும். அப்படிப்பட்ட ஷோவில் இடைவெளிகள் குறைவாக இருப்பது எத்தனை பெரிய உபகாரம் என்று அப்போது தெரிந்தது. கை தட்டலா இல்லையா என்று பார்க்கவே நேரம் இருக்காது.

நிறைந்த ஷோவில் ஆபத்து வேறு மாதிரி. முன்னால் பிட் (ஆட்கள் முட்டி மோதி ஆடும் இடம்) கிளம்பினால் தள்ளுமுள்ளில் மைக் ஸ்டாண்ட் நேராகப் பல்லுக்கு வரும். நான் ஸ்டாண்டை நேர் எதிரே வைக்காமல் பக்கவாட்டிலிருந்து வளைத்து, மூட்டைக் கொஞ்சம் தளர்த்தி விடுகிறேன். இடித்தால் விலகிப் போகும். யாராவது விழுந்தால் பிட்டில் இருப்பவர்களே தூக்கி நிறுத்துவார்கள், அது எழுதாத சட்டம். அதை மதிக்காத ஆள் ஒருவன் வந்துவிட்டால் வாசிப்பை நிறுத்தத்தான் வேண்டும். ஃபுகாஸி பேண்டின் பாடகர் இயன் மக்காய் அப்படி நிறுத்தி, அடிதடி செய்பவனுக்கு நுழைவுப் பணத்தைத் திருப்பிக் கொடுத்து வெளியே அனுப்பியதுண்டு. பிகினி கில் பேண்டின் ஷோக்களில் அதன் பாடகி கேத்லீன் ஹன்னா பெண்களை முன்வரிசைக்கு வரச் சொன்னதுண்டு. எங்கள் ஆள் ஒருமுறை பாட்டின் நடுவில் கையைத் தூக்கினாள், நாலு பேரும் அதே பீட்டில் நின்றோம். “தம்பி, நீங்க கொஞ்சம் வெளிய நில்லுங்க” என்றாள். அவன் போனான். அதே பாட்டை முதலிலிருந்து எடுத்தோம், அன்றைக்கு அதுதான் நன்றாக வந்தது. ஒரே பீட்டில் நால்வரும் நிற்க முடிந்ததே என்று பேஸ்காரன் வீடு போகும் வரை சொல்லிக்கொண்டு வந்தான்.

அடுத்த ஷோவில் மூன்றாம் கொத்தையும் நாலாம் கொத்தையும் ஒட்டிப் பார்க்கலாம் என்று இருக்கிறோம். ஆறு பாட்டு, நிறுத்தமே இல்லாமல். டிரம்மருக்குச் சம்மதம். பாடுகிறவளுக்கு மூச்சு பற்றாது, நடுவில் ஒரு பாட்டை பேஸ்காரன் பாடினால் சரி என்கிறாள். அவன் மாட்டேன் என்கிறான்.