முதலாண்டு இயற்பியல்: விசைப்படம் வரையாமல் இழந்ததும் வரைந்து மீட்டதும்

முதல் பருவத்தின் முடிவுகள் சென்ற வெள்ளிக்கிழமை வந்தன. மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்கள் வீட்டு வாசற்படியில் உட்கார்ந்து கைப்பேசியில் பார்த்தபோது, இயற்பியலுக்கு நேரே பி பிளஸ் என்று இருந்தது. இடைத்தேர்வில் 40க்கு 13 மட்டுமே வாங்கியிருந்த எனக்கு அது எவ்வளவு பெரிய ஆறுதல் என்பதை அந்த 13ஐப் பார்த்து அழுதவர்களே அறிவார்கள். நினைவு மங்குவதற்குள், அடுத்து வரும் தம்பி தங்கைகளுக்காக இதை எழுதுகிறேன்.

என்னை வீழ்த்தியது ஒரே ஒரு கணக்கு. சமதளத் தரையில் நகர்ந்துகொண்டிருக்கும் 50 கிலோகிராம் பெட்டியை, கிடைக்கோட்டுக்கு மேல் 30 டிகிரி சாய்வில் பிடித்த கயிற்றால் 200 நியூட்டன் விசையுடன் இழுக்கிறார்கள். இயக்க உராய்வுக் குணகம் 0.4, முடுக்கம் என்ன? பல்கலைக்கழகத்துக்கு முந்தைய எஸ்டிபிஎம் தேர்வுக்குப் படித்த காலத்துப் பழக்கத்தில், தரை தரும் செங்குத்து எதிர்விசை எடைக்குச் சமம் என்று யோசிக்காமலேயே 490.5 நியூட்டன் என எழுதினேன். அதனால் உராய்வு 196.2 ஆகி, கயிற்றின் கிடைக்கூறான 173.2ஐ மிஞ்சியது, முடுக்கம் குறைக்குறியோடு வந்தது. இழுக்கும் பெட்டியின் வேகம் எப்படிக் குறையும் என்று பதறி, அந்தக் குறைக்குறியை அழித்துவிட்டேன். அடுத்த மூன்று உட்பிரிவுகளும் அந்த முடுக்கத்தை நம்பியிருந்ததால் அவையும் சேர்ந்து போயின.

அந்த வார இறுதியில் வீட்டுக்கு வந்திருந்தேன். செம்பனைக்குப் போடும் 50 கிலோ உர மூட்டை ஒன்றைக் கொட்டகைக்குள் நகர்த்த வேண்டியிருந்தது. நான் பின்னாலிருந்து குனிந்து தள்ளினேன். சிமெண்டுத் தரையில் வெள்ளைக் கீறல் விழுந்ததே தவிர மூட்டை அசையவில்லை. "குனிஞ்சு தள்ளாதப்பா, கயித்த மேல தூக்கி இழு, மூட்ட லேசாயிரும்" என்று சொல்லிவிட்டு, அப்பா முன்பக்கம் கயிறு கட்டி மேல்நோக்கி இழுத்தார். மூட்டையின் முன் விளிம்பு விரற்கடை அளவு எழும்பி, அது சரசரவென்று வந்தது. அன்றிரவே கணக்கைத் திரும்பப் போட்டேன். கயிற்றின் மேல்நோக்கிய கூறு 100 நியூட்டன். ஆகவே தரை தாங்குவது 390.5 மட்டுமே, உராய்வு 156.2; மிஞ்சும் 17 நியூட்டன் தரும் முடுக்கம் வினாடிக்கு வினாடி 0.34 மீட்டர். அதே 200 நியூட்டனை அதே சாய்வில் கீழ்நோக்கித் தள்ளினால் தரை தாங்குவது 590.5 ஆகி, உராய்வு 236.2க்கு உயர்ந்துவிடுகிறது.

அதன்பின் எந்தக் கணக்கையும் படம் இல்லாமல் தொடங்கியதில்லை. பொருளைத் தனியாக ஒரு புள்ளியாக வரைந்து, "இதைத் தொடுவது எது?" என்று கேட்க வேண்டும். தொடும் ஒவ்வொன்றும் ஒரு விசை தரலாம். தொடாமல் செயல்படுவது, இயந்திரவியல் பகுதியில், பெரும்பாலும் புவியீர்ப்பு ஒன்றுதான். இந்தப் பட்டியலில் இல்லாத எதையும் அம்புக்குறியாக வரையக் கூடாது. வளைவில் செல்லும் பொருளை மையம் நோக்கித் திருப்பும் மையநோக்கு விசை என்று தனியாக ஓர் அம்பு போடுவது பலரும் செய்யும் தவறு; வளைவில் திரும்பும் லாரிக்கு அந்த வேலையைச் செய்வது டயருக்கும் சாலைக்கும் இடையிலான உராய்வு. செங்குத்து எதிர்விசை என்பதை ஒரு சூத்திரமாக மனப்பாடம் செய்யாமல், ஒவ்வொரு முறையும் சமன்பாட்டிலிருந்து கண்டுபிடியுங்கள். இந்த ஒரு பழக்கத்துக்கு மற்ற எல்லாவற்றையும்விட நான் அதிக இடம் தருவேன்.

முதல் வாரத்தில், விசையை எப்படிப் புரிந்துவைத்திருக்கிறோம் என்று சோதிக்கும் ஒரு கருத்துத் தேர்வு எங்களுக்கு வைத்தார்கள். அது 1992இல் டேவிட் ஹெஸ்டினஸும் அவருடன் பணியாற்றியவர்களும் வெளியிட்டது. அதன் தவறான விடைகள் மாணவர்கள் உண்மையிலேயே நம்பும் தவறான கருத்துகளிலிருந்து எடுக்கப்பட்டவை. மேலே எறிந்த பந்தின் மீது, கையை விட்ட பிறகும், கையின் விசை இருப்பதாக நானும் குறித்தேன். கை பந்தைத் தொடவில்லை என்பதை நினைத்திருந்தால் போதும்.

மொழியைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஆறாம் ஆண்டில் விசை, உராய்வு என்று தமிழில் படித்தோம். இடைநிலைப் பள்ளியில் அவையே மலாய் மொழியில் டாயா, கெசெரான் ஆயின. பல்கலைக்கழகத்தில் எல்லாம் ஆங்கிலம். வேகம், திசைவேகம் ஆகியவற்றுக்கான மலாய்ச் சொற்களான லாஜு, ஹலாஜு இரண்டும் எனக்கு ஒரே சொல்லாகவே மனத்தில் பதிந்திருந்ததால், வேகத்துக்கும் திசைவேகத்துக்கும் உள்ள வேறுபாட்டை மதிப்பெண் இழந்தபிறகே உணர்ந்தேன். மூன்று மொழிச் சொற்களையும் ஒரே பக்கத்தில் எழுதி மேசைமேல் ஒட்டினேன். தமிழ்ச்சொல்லைப் பார்த்ததும் பொருள் விளங்கியது.

குழுவாகப் படிப்பது எனக்கு ஒத்துவரவில்லை. வேகமாகச் செய்யும் நண்பன் விடையைச் சொன்னதும் எனக்கும் புரிந்துவிட்டதாகத் தோன்றும். தேர்வறையில் அது காணாமற்போகும். தனியாக அரைமணி நேரம் போராடிய பிறகே மற்றவரைக் கேளுங்கள்.

மற்றவை சுருக்கமாக:

1. தனி ஊசல் ஆய்வில் ஓர் அலைவை மட்டும் அளக்காதீர்கள். ஒரு மீட்டர் ஊசலுக்கு அலைவு நேரம் ஏறத்தாழ 2 வினாடி, கைப்பிழை 0.2 வினாடி என்றால் அதுவே 10 விழுக்காடு. புவியீர்ப்பு முடுக்கம் காணும்போது நேரம் இருமடி ஆவதால் பிழையும் ஏறத்தாழ இரட்டிக்கும். 20 அலைவுகளைச் சேர்த்து அளந்தால் நேரத்தின் பிழை அரை விழுக்காடாகிவிடும்.

2. சரிவில் உருளும் திண்கோளம், வட்டு, வளையம் ஆகியவற்றில் கோளமே முந்தும். பொருண்மையும் ஆரமும் கணக்கில் அடிபட்டுப்போகும் என்பதை ஒருமுறையாவது எழுதிப் பாருங்கள்.

3. எண்களைக் கடைசியில் மட்டும் இடுங்கள். எழுத்துகளாக இருக்கும்வரை அலகுகள் பொருந்துகின்றனவா என்று சரிபார்க்கலாம்.

4. வந்த குறைக்குறியை அழிப்பதற்கு முன் படத்துக்குத் திரும்புங்கள்.

5. சாய்தளக் கணக்குக்குக் கணிப்பான் டிகிரியில் இருக்க வேண்டும். அடுத்து வரும் சீரிசை இயக்கக் (ஊசல்போல் முன்னும் பின்னும் ஆடும் இயக்கம்) கணக்குக்கு ரேடியனுக்கு மாற்ற வேண்டும். இறுதித்தேர்வில் மாற்ற மறந்து நான்கு மதிப்பெண் இழந்தேன். பி பிளஸுக்கும் ஏ மைனஸுக்கும் இடையே எனக்கு இருந்த தூரம் அவ்வளவாகத்தான் இருக்கும்.