சுபாங்கில் ஒரு பழைய டர்போ ஆரோவை வாங்கித் தேற்றிய அனுபவம்

விற்றவர் எங்களிடம் முதலில் சொன்னது, "எஞ்சின் 900 மணி நேரம்தான் ஓடியிருக்கு." 1979ஆம் ஆண்டு பைப்பர் டர்போ ஆரோ 4, ஒற்றை எஞ்சின் சிறிய விமானம். நானும் என் மைத்துனரும் பாதிப் பாதி போட்டு வாங்கப் பார்த்தோம். கோலாலம்பூர் பக்கத்துச் சுபாங் விமான நிலையத்தில் எங்களுக்குத் தெரிந்த லைசென்ஸ் எஞ்சினியர் ஒருவரிடம், "அண்ணே, ஒருமுறை பார்த்துச் சொல்லுங்க" என்றேன். "மணிக்கணக்கை விடு தம்பி. எவ்வளவு சூட்டைத் தாங்கியிருக்குன்னு பார்ப்போம்" என்றார்.

அதில் இருந்தது கான்டினென்டல் டி.எஸ்.ஐ.ஓ-360-எஃப். ஆறு சிலிண்டர், 200 குதிரைத்திறன். எக்ஸாஸ்ட் புகையால் சுழன்று எஞ்சினுக்குள் காற்றை அழுத்தும் டர்போ உண்டு. அந்தப் புகையில் ஒரு பகுதியை டர்போவுக்குப் போகாமல் திருப்பிவிடும் வேஸ்ட்கேட்டை ஒரு போல்ட்டால் ஓர் அளவில் நிறுத்தி வைத்திருப்பார்கள், தானாகத் திறந்து மூடாது. மேனிஃபோல்டு பிரஷர், அதாவது எஞ்சினுக்குள் போகும் காற்றின் அழுத்தம், 41 இன்ச்சைத் தாண்டக் கூடாது. ஆனால் சுபாங் போல கடல்மட்டத்தை ஒட்டிய ஓடுபாதையில் த்ராட்டிலை முழுக்கத் தள்ளினால் தாண்டிவிடும். டேக் ஆஃபில் ஒரு கண் எப்போதும் அந்த மீட்டரில் இருக்க வேண்டும். முன்பு ஓட்டியவர்கள் எல்லோரும் அப்படிக் கவனித்திருப்பார்களா? லாக் புக் அதைச் சொல்லாது.

சிலிண்டர்கள் சொல்லின. 80 பிஎஸ்ஐ காற்று கொடுத்துப் பார்த்ததில் நான்கு 70க்கு மேல் தாங்கின. மற்ற இரண்டும் 50களில் நின்றன, எக்ஸாஸ்ட் குழாயில் காது வைத்தால் காற்று சீறுவது கேட்டது. போர்ஸ்கோப் என்ற குட்டிக் கேமராவை உள்ளே விட்டபோது அந்த வால்வுகளில் ஒன்றின் விளிம்பு மட்டும் பிறை போல நிறம் மாறியிருந்தது. வால்வு கருகத் தொடங்கியதன் அடையாளம் அது. நல்ல வால்வில் நிற வட்டம் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி இருக்கும்.

அப்புறம் டர்போவையும் எக்ஸாஸ்ட் குழாயையும் சேர்த்துப் பிடிக்கும் வி-பேண்ட் கிளாம்ப். ஸ்பாட் வெல்டிங் வகை, எப்போது மாட்டியது என்பதற்குப் பதிவே இல்லை. இந்த வகைக்கு அமெரிக்காவின் விமானப் போக்குவரத்து அமைப்பான எஃப்.ஏ.ஏ. 2023இல் 500 மணி நேர ஆயுள் வரம்பு வைத்தது. அது விட்டுப்போனால் நெருப்பாகக் கொதிக்கும் புகை எஞ்சின் அறைக்குள் பாயும். பழைய டர்போ விமானம் வாங்குகிறவர்கள் பெயின்டைப் பார்ப்பதற்கு முன் இதைப் பாருங்கள்.

இத்தனையையும் சொல்லி விலையைக் குறைத்து வாங்கினோம். மைத்துனருக்கு உடனே டர்போ காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர் போட ஆசை. அண்ணன் விடவில்லை. "நோயாளிக்குச் சட்டை தைக்காதீங்க" என்றார். இரண்டு சிலிண்டரை மட்டும் மாற்றாமல் எஞ்சினையே எஃப்.பி. வகைக்கு மாற்றினோம். எஞ்சினைப் பிரித்து முழுசாகப் புதுப்பிக்கும் ஓவர்ஹால் இடைவெளி எஃப் வகைக்கு 1400 மணி நேரம், எஃப்.பி.க்கு 1800. செலவு வலித்தது. ஆனால் சரியான முடிவு அதுதான் என்று இன்றும் நினைக்கிறேன்.

அடுத்து தானியங்கி வேஸ்ட்கேட், கடைசியாக இன்டர்கூலர். 33 டிகிரி வெயிலில் டர்போ காற்றை அழுத்தினால் அது இன்னும் கொதிக்கும். அதைக் குளிர்வித்து உள்ளே விட்டால் எஞ்சினுக்கு எவ்வளவு ஆறுதல்! ஆனால் குளிர்ந்த காற்று அடர்த்தியானது, அதே பிரஷரில் கூடுதல் சக்தி கொடுத்துவிடும். அதனால் பழைய 41 இன்ச் இனிச் செல்லாது; இன்டர்கூலரோடு வரும் துணைக் கையேட்டிலுள்ள குறைந்த எண்ணைத்தான் பிடிக்க வேண்டும். இது தெரியாமல் ஓட்டினால் போட்ட காசே எஞ்சினுக்கு எமன். இரண்டுக்கும் விமானத்தில் மாற்றம் செய்ய அனுமதிக்கும் எஸ்.டி.சி. ஆவணம் வேண்டும், காகித வேலைக்கே சில வாரம் போனது.

மினரல் ஆயிலில் பிரேக்-இன், அதாவது எஞ்சினை ஓட்டிப் பழக்குவது, முடித்து, ஒரு சனிக்கிழமை பசியாறிவிட்டுக் குவாந்தானுக்குக் கிளம்பினோம். கெந்திங் மலை இடப்பக்கம் மேகத்தில் இருந்தது. ஏறும்போது மைத்துனர் ஆறு சிலிண்டரின் சூட்டையும் வரிசையாக வாசித்துக்கொண்டே வந்தார். சிவப்புக் கோடு 460 ஃபாரன்ஹீட். எதுவும் 380ஐத் தொடவில்லை. இறங்கி நிறுத்தியதும் டர்போ ஆறட்டும் என்று ஐந்து நிமிடம் ஐடிலில் விட்டு உட்கார்ந்திருந்தோம். இரண்டு பேரும் ஒன்றும் பேசவில்லை.