வழித்தகராறும் பழைய ஜெயங்களும்: ஜனவரிக் குறிப்புகள்

ஜனவரி 12, 2025, ஞாயிறு

ஆராதனை முடிந்து செருப்பு மாட்டும் நேரத்தில் எங்கள் சபைப் போதகரான ஐயர் பிடித்துக்கொண்டார். வெள்ளிக்கிழமை வீட்டு ஜெபக்கூட்டத்தில் நான் சாட்சி சொல்ல வேண்டுமாம், தலைப்பும் அவரே கொடுத்துவிட்டார்: கர்த்தர் முன்பு தந்த ஜெயம். சரி என்றேன். ரப்பர் விளைக்கு, அதாவது எங்கள் தோட்டத்துக்கு, போகும் வழியில் எங்களுக்கு உரிமையே இல்லை என்று சித்தப்பா மகன் வக்கீல் நோட்டீஸ் அனுப்பியது அவருக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் வேறு ஆளைப் பார்த்திருப்பார்.

ஜனவரி 13, திங்கள்

விடியுமுன்னே பால்வெட்டு. தலையில் லைட்டைக் கட்டிக்கொண்டு மரம் மரமாகப் போகிறேன், வாய் மூடியிருக்கிறது, மனசு மட்டும் அவனோடு சண்டை போட்டுக்கொண்டே வருகிறது. அவன் ஒன்று சொல்ல நான் ஒன்பது சொல்ல, எல்லா வாதத்திலும் நானே ஜெயிக்கிறேன். பழைய வெட்டில் காய்ந்து ஒட்டியிருக்கும் ஒட்டுப்பாலை உரித்துவிட்டுப் பட்டையை மெல்லிசாகச் சீவ வேண்டும், அதுதான் வேலை. கோபத்தில் கத்தி உள்ளே இறங்கினால் மரத்தில் காயம் விழும், அந்த இடத்தில் புதுப் பட்டை சீராக வராது. ஒரு மரத்தில் கத்தியை நிறுத்திவிட்டு அப்படியே நின்றேன். அப்புறம் சிரட்டையைச் சரிசெய்துவிட்டு அடுத்த மரத்துக்குப் போனேன்.

சாட்சிக்கு என்னிடம் ஒரு கதை தயாராகத்தான் இருக்கிறது. சொத்துப் பங்கு வைத்ததில் அண்ணனும் நானும் வருஷக்கணக்கில் பேசாமல் இருந்தோம். ஈஸ்டருக்கு முந்தின ஒரு லெந்து காலத்தில், பலிபீடத்தண்டை காணிக்கையை வைத்துவிட்டு முதலில் போய் சகோதரனோடு ஒப்புரவாகு என்ற மத்தேயு 5ஆம் அதிகாரத்து வசனம் தூங்க விடாமல் துரத்த, திருவிருந்து ஞாயிறுக்கு முந்தின சாயங்காலம் அவர் வீட்டுப் படி ஏறினேன். "வாடே, கேறி வா" என்றார். அண்ணி கட்டஞ்சாயா கொண்டுவந்து வைத்தார். அவ்வளவுதான், பேச ஆரம்பித்துவிட்டோம். சபையில் இதை முன்பும் சொல்லியிருக்கிறேன், நன்றாகவே எடுபடும்.

ராத்திரி இதை மனைவியிடம் சொல்லிப் பார்த்தேன். அவள் மீன் கழுவிக்கொண்டே, "அன்னைக்கு ஜங்ஷன் வரைக்கும் போயிட்டு வண்டியைத் திருப்பிட்டு வந்தியள்லா, அதைச் சொல்ல மாட்டியளா?" என்றாள். உண்மைதான். திரும்பி வந்து திண்ணையில் உட்கார்ந்து, என்னால் முடியாது ஆண்டவரே என்று கொஞ்சம் அழவும் செய்தேன். ராத்திரி எட்டு மணிக்கு மேல்தான் மறுபடி கிளம்பினேன். சொல்லிச் சொல்லி அந்தப் பகுதி எப்போதோ உதிர்ந்துபோயிருக்கிறது.

ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல் விடுமுறை. மனைவி வீட்டார் ரோமன் கத்தோலிக்கர், கோட்டாறு பக்கம். அவர்களோடு ஆரல்வாய்மொழி காற்றாடிமலைக்குப் போனோம். விசுவாசத்துக்காக உயிர்விட்ட தேவசகாயம் பிள்ளை சுடப்பட்ட இடம், நாளும் இதே நாள்: 1752 ஜனவரி 14. நல்ல கூட்டம், பேருக்கேற்ற காற்று.

அவர் கதையில் என்னை எப்போதும் பிடித்து நிறுத்துவது டிலனாய். 1741இல் குளச்சலில் டச்சுக்காரர் திருவிதாங்கூர் ராஜா மார்த்தாண்டவர்மாவிடம் தோற்றார்கள், டச்சுத் தளபதி டிலனாய் கைதியானார், பிறகு திருவிதாங்கூர் படையிலேயே வேலை பார்த்தார். தேவசகாயம், அப்போது நட்டாலத்துக்காரரான நீலகண்ட பிள்ளை, கஷ்டத்தில் மனமுடைந்திருந்தபோது யோபுவின் கதையைச் சொன்னது இந்தத் தோற்றுப்போன மனிதர்தான். 1745இல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம். ஏழு வருஷத்துக்குள் இந்தப் பாறை. 2022இல் ரோமில் புனிதர் பட்டம் கொடுத்தபோது மாவட்டமே கொண்டாடியது, எங்கள் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) ஆட்களும் பெருமையாகத்தான் பேசிக்கொண்டார்கள். ஆனால் அன்றைக்கு இங்கே நின்று பார்த்தவர்களுக்கு இது ஜெயமாகவா தெரிந்திருக்கும்? மைத்துனரிடம் கேட்டேன். அவர் வடை வாங்கப் போய்விட்டார்.

ஜனவரி 15, புதன்

1 சாமுவேல் 17 வாசித்தேன். சின்ன வயசிலிருந்து கேட்ட கதை, இன்றைக்கு வேறு மாதிரிப் பட்டது. சவுலிடம் பேசும்போது தாவீது முதலில் தன் கணக்கைத்தான் சொல்கிறான், ஆட்டைத் தூக்க வந்த மிருகத்தின் தாடியைப் பிடித்தேன், அடித்துக் கொன்றேன் என்று. அடுத்த மூச்சில், என்னைச் சிங்கத்தின் கைக்கும் கரடியின் கைக்கும் தப்புவித்த கர்த்தர் என்கிறான். தப்புவிக்க வேண்டுமென்றால் அவன் அதன் கையில் அகப்பட்டிருக்க வேண்டும் அல்லவா. பயம் தெரியாத வீரனின் பேச்சு இல்லை இது. மாட்டிக்கொண்டு வெளியே வந்தவனின் பேச்சு. கோலியாத்துக்கு முன்னால் அவனுக்கு உதவியது அதுதான் என்று நினைக்கிறேன்.

என் கதையிலும் உதவக்கூடியது ஜங்ஷனில் திரும்பிய வண்டிதான். படி ஏறிய தைரியசாலியை நினைத்தால் எனக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை, இப்போது என்னிடம் அந்தத் தைரியம் கிடையாது. திண்ணையில் முடியாது என்று அழுதவனைத்தான் எனக்கு நன்றாகத் தெரியும், இன்றைக்கும் அவன்தான் நான். அவனைக் கர்த்தர் ராத்திரி எட்டு மணிக்கு எழுப்பிக் கூட்டிக்கொண்டு போனார்.

ஜனவரி 16, வியாழன்

நியாயாதிபதிகள் புத்தகத்துக் கிதியோனை மறந்துவிடக் கூடாது. 300 பேரை வைத்து மீதியானியரை முறியடித்த கையோடு, கொள்ளையில் வந்த கடுக்கன்களை வாங்கி, 1,700 சேக்கல் பொன்னில் ஒரு ஏபோத்தை, அதாவது ஆசாரியர் அணியும் உடுப்பை, செய்து ஊரில் வைத்தான். ஜனங்கள் அதைப் பின்பற்றிப் போனார்கள், அவன் வீட்டுக்கே அது கண்ணியானது. கேட்ட சாட்சியையே வருஷா வருஷம் கேட்கும்போது எனக்கு இந்த ஏபோத்துதான் ஞாபகம் வருகிறது, என்னுடையதையும் சேர்த்துத்தான்.

எங்கள் தெருவில் எத்தனை வீட்டு கேட் தூணில் எபெனேசர் என்று கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள்! பெலிஸ்தரை ஜெயித்தபின் அந்தக் கல்லை சாமுவேல் நட்டபோது சொன்னது, "இம்மட்டும் கர்த்தர் எங்களுக்கு உதவிசெய்தார்." அதற்கு மூன்று அதிகாரம் முன்னால் போனால், இஸ்ரவேலர் எபெனேசரில்தான் பாளயமிறங்கி, உடன்படிக்கைப் பெட்டியையும் பறிகொடுத்து, 30,000 பேர் விழுந்தார்கள். இதை கேட் தூணில் யாரும் எழுதுவதில்லை. எழுதவும் இடம் பத்தாது.

ஜனவரி 17, வெள்ளி

கூட்டத்தில் ஜங்ஷன், திண்ணை, அழுகை எல்லாவற்றையும் சொன்னேன். நோட்டீஸ் விஷயத்தையும் சொல்லி ஜெபிக்கக் கேட்டேன். வழக்கமான அல்லேலூயா கொஞ்சம் குறைவு. முடிந்தபின் ஒரு வயசான அம்மா கையைப் பிடித்து, "எங்க வீட்டிலயும் இப்படி ஒண்ணு கிடக்கு மக்கா" என்றார். அதற்குமேல் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

ஜனவரி 18, சனி

சித்தப்பா மகனுக்கு போன் போட்டேன். முதல் தடவை எடுக்கவில்லை. எடுக்காதது நல்லது என்று மனசுக்குள் ஒரு சந்தோஷம் வந்ததையும் குறித்து வைக்கிறேன். இரண்டாவது தடவை எடுத்தான். "என்னண்ணே" என்றான், குரலில் விறைப்புதான். வழியைப் பற்றி இரண்டு பேரும் நேரில் பேசுவோம் என்றேன். சர்வேயர் வந்து அளக்காமல் பேச ஒன்றுமில்லை என்றான். அளக்கலாம், பணத்தைப் பாதிப் பாதி போடுவோம் என்றேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு, சரி, திங்கள்கிழமை பத்தரைக்கு தாலுகா ஆபீசுக்கு வாங்க என்றான். நோட்டீசைத் திரும்ப வாங்குவதாகச் சொல்லவில்லை.

மனைவி பத்திரத்தின் நகலைத் தேடி எடுத்து வைத்திருக்கிறாள். திங்கள் அன்று பால்வெட்டை சீக்கிரம் முடித்து, ரப்பர் ஷீட் அடிக்கிற வேலையை மகனிடம் விட்டுவிட்டுப் போக வேண்டும். பால் உறைய ஆசிட் எவ்வளவு ஊற்ற வேண்டும் என்று அவனுக்கு ஒரு தடவை சொல்லிக்கொடுக்க வேண்டும்.